வெளுத்தால் கட்டில், தெளிந்தால் அம்மா வீடு

தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனால் போகாமல் இருந்தால் ஊர் அவள் அம்மாவைத்தான் பேசும். என் அம்மா வீடு ஏரியூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது மொரப்பூர் ரயிலடிக்குக் கிட்டத்தில். வளையல் அடுக்கிய கையோடு என்னை அழைத்துப்போக அண்ணன் வண்டி கட்டி வருவதாகப் பேச்சு. அதற்குள் என் கால் வீங்கிக்கொண்டது.

முதலில் மெட்டிதான் சொல்லிக் கொடுத்தது. விரல் சதைக்குள் அது புதைந்து போய், வெளியே ஒரு வெள்ளி வரம்பு மட்டும் தெரிந்தது. என் மாமியார் விளக்கெண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தார். நான் கத்தினேனே தவிர மெட்டி அசையவில்லை.

“இதென்ன காலா, பூசணிக்காயா? அமுக்கினா குழி உழுது, குழி தூர மாட்டேங்குது பாரு.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து என் காலை அமுக்கிக் குழி போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆண் பிள்ளைக்கு அடையாளம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று மீதிப்பேர். கடைசியில் என் வீட்டுக்காரர் தருமபுரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், காட்டிவிடலாம் என்றார். இரண்டாவது உலகச் சண்டைக்கு முன்னால் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சண்டை வந்தபோது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் சொல்வது அது ஓடிய காலம். அவர், மாமியார், நான் மூன்று பேரும் அதில் ஏறிப் போனோம்.

டாக்டரம்மா பட்டணத்துக்காரர். மூக்குக்கண்ணாடி போட்டு, வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். என் காலை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையை என் கையில் கொடுத்துப் பின்பக்கம் கையைக் காட்டினார்.

“போய் நீர் விட்டு எடுத்துண்டு வா. பரீட்சை பண்ணணும்.”

நான் மாமனார் இருக்கும் வாசலில் நின்று சத்தமாகத் தண்ணீர் குடித்துக்கூடப் பழகாதவள். பின்பக்கத்தில் மறைப்பு என்று இருந்தது தோள் உயரத்துக்கு ஒரு மண்சுவர். அந்தப் பக்கம் ஒரு ஆள் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன் கோடாரியை ஓங்கும்போதெல்லாம் எனக்கு வரவிருந்தது திரும்பிப் போயிற்று. விறகு முடிந்ததும் இருமத் தொடங்கினான். வெகு நேரம் கழித்துக் கோப்பையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தேன்.

டாக்டரம்மா முந்தானையை விலக்கிப் பார்த்தார். கோப்பை நான் வாங்கிப்போன மாதிரியே பளபளவென்று இருந்தது.

“என்னம்மா, காத்தைப் பிடிச்சுண்டு வந்தியா?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டு, “சரி, வீட்டிலேயே காலம்பற எழுந்ததும் சுத்தமான பாட்டில்ல பிடிச்சு, அன்னிக்கே கொண்டு வா” என்றார். எதற்கு என்று மாமியார் கேட்டதற்குப் பொறுமையாகச் சொன்னார். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கிற மாதிரி ஒரு சத்து நம் ரத்தத்திலும் உண்டாம். உள்ளேயே இருக்க வேண்டியது சிலபேருக்கு மாசமாக இருக்கும்போது நீரோடு ஒழுகிப் போய்விடுமாம்.

“கரைஞ்சிருக்கறப்போ கண்ணுக்குத் தெரியாது. தண்ணி மாதிரிதான் இருக்கும். சூடு காட்டினா அந்தச் சத்து சுருண்டு, வெளுத்து, பிரிஞ்சு வந்துடும். முட்டை வேகறதைப் பாத்ததில்லையா? அதுதான் இதுவும்.”

“வெளுத்தா என்னங்க?”

“வெளுத்தா இங்கேயே கட்டில்ல படுக்கணும். உப்புக் கூடாது. நடமாட்டம் கூடாது. விட்டுட்டா ஜன்னி கண்டுடும், தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வெளுக்கலைன்னா அவ அம்மா வீட்டுக்கு அனுப்புங்கோ, எனக்கு ஒண்ணும் இல்லை.”

ஆகவே நான் அம்மா வீட்டுக்குப் போவதும் போகாததும் ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் மாமியார் ஆரம்பித்தார்.

“ஒடம்புல இருந்து போறத ஊரான் கையில குடுப்பாங்களா? தலை வாரி உழுந்த முடியக்கூடச் சுருட்டி, எச்சி துப்பித்தான் எறியறோம். நகத்த மண்ணுல பொதைக்கிறோம். எதுக்கு? எவளாவது எடுத்து வெச்சிக்கிட்டு எதையாவது செஞ்சிப்புடுவான்னுதான. அதுவும் மாசமா இருக்கறவளோடத, பாட்டில்ல ஊத்தி, மூடி போட்டு, நம்மளே கொண்டுபோயிக் குடுக்கறதாம்!”

“அவங்க டாக்டரு, ஆத்தா. செய்வினை வெக்கறவங்களா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அவங்க வெக்க மாட்டாங்க. அத வாசல்ல கொண்டு ஊத்தறவ யாரு? அவ எந்த ஊரு? ஒனக்குத் தெரியுமா?”

அவர் எழுந்து மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டார்.

அடுத்த முறை போகவேண்டிய அன்று விடியலில் நான் பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவி, தொழுவத்துக்குப் பின்னால் போய், யாரும் இருமாத அந்த நேரத்தில் காரியத்தை முடித்தேன். தக்கையை அழுத்தி மூடி, துணி சுற்றி, தொழுவச் சுவர்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது பாட்டில் மாமியாரின் மஞ்சள் பைக்குள் ஏறியிருந்தது. எதிர்ப்புச் சொன்னவரே தூக்கிக்கொண்டு வருகிறாரே என்று எனக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

ரயிலில் எங்கள் எதிரில் பாலக்கோட்டுக்குப் போகிற வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டி குலுங்கியதில் பையிலிருந்து பாட்டிலின் கழுத்து வெளியே எட்டிப் பார்த்தது. பச்சைப் பாட்டில், தக்கை, மேலே துணிக் கட்டு. சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு இறங்குகிற தேன் அப்போது அப்படித்தான் வரும்.

“மலைத்தேனுங்களா?” என்றார் வியாபாரி.

என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“தேனில்லீங்க” என்றார் மாமியார்.

“எங்கிட்ட மறைக்கறீங்களே ஆத்தா. நான் என்ன வெலைய கொறைச்சா கேக்கப் போறேன்? கொம்புத்தேனா, பொந்துத்தேனா, அத மட்டும் சொல்லுங்க.”

“விக்கிறதுக்கு இல்ல சாமி.”

“விக்க வேண்டாம். ஒரு சொட்டு, நாக்குல வெச்சிப் பாத்துட்டுத் தந்துடறேன். நம்ம நாக்குத் தப்பு சொல்லாது.” அவர் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

எனக்கு ரயிலிலிருந்து குதித்துவிடலாம் என்று இருந்தது. அது ஓடுகிற வேகத்துக்குக் குதித்தாலும் கூடவே நடந்து போகலாம், அதனால் மானம் ஒன்றும் காப்பாற்றப்படாது. ஆனால் மாமியார் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

“நாக்குல எதுக்கு வெக்கறீங்க? வேணுமின்னா தலையில ரெண்டு சொட்டுத் தெளிச்சிக்கங்க. பாவம் போவும்.”

மாமியாருக்கு வயசாகிப் புத்தி பிசகிவிட்டதா, இல்லை என்னை அவமானப்படுத்தத்தான் இப்படிப் பேசுகிறாரா? வியாபாரி அதற்குமேல் கேட்கவில்லை. கோயில் தீர்த்தம் என்று எடுத்துக்கொண்டார் போலும், கையை மடக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தருமபுரி வரைக்கும் நான் முந்தானையை விலக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் வழக்கம்போல வேப்பமரத்தடியில் மற்ற வீட்டுக்காரர்களோடு நின்றுகொண்டார். நானும் மாமியாரும் உள்ளே போனோம். டாக்டரம்மா பாட்டிலை வாங்கி, விரல் தடிமனுக்கு ஒரு கண்ணாடிக் குழலில் முக்கால் அளவு ஊற்றினார். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, குழலைச் சாய்த்துப் பிடித்து, மேல்பாதியை மட்டும் நெருப்பில் காட்டினார். கீழ்ப்பாதி அப்படியே இருந்தால்தான் இரண்டுக்கும் உள்ள பேதம் தெரியுமாம்.

மூன்று பேரும் குழலையே பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கட்டியது. அப்புறம் மேல்பாதி கலங்கியது. கலங்கிக்கொண்டே வந்து, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகிவிட்டது.

அண்ணன் கட்டி வரும் வண்டி, அதில் பரப்பிய வைக்கோல், வாசலில் நிற்கிற அம்மா எல்லாம் அந்த வெள்ளைக்குள் போய் மறைந்தன.

“இரு, இன்னும் முடியலை” என்றார் டாக்டரம்மா. “சூட்டுல வேற உப்பும் சில சமயம் வெளுக்கும். காடி மாதிரி ஒரு புளிப்பு மருந்து இருக்கு. ஒரு சொட்டு விட்டா உப்புன்னா கரைஞ்சுடும், சத்துன்னா கரையாது.” சின்னக் கண்ணாடிக் குச்சியால் அந்த மருந்தைத் தொட்டு, ஒரு சொட்டு விட்டார்.

குழல் சீறியது. நிஜமாகவே புஸ்ஸென்று சத்தம் போட்டு நுரைத்துப் பொங்கி, வாய்வரை வந்து, டாக்டரம்மாவின் விரலில் வழிந்தது. அவர் “அம்மாடி!” என்று நாற்காலியோடு பின்னால் போனார்.

“என்னது இது, சோடா பாட்டிலா? என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்லையே!”

அவ்வளவுதான். என் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்துவிட்டார்.

“ஐயோ, என் செவலைக்கு என்னாங்க ஆச்சு? சொல்லுங்க தாயி! நேத்துகூட நல்லாத் தவிடு தின்னுச்சே!”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன்.

“செவலைன்னா யாரு பெரியம்மா?”

“எங்க பசுவுங்க. மொதல் ஈத்து. கன்னுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?”

டாக்டரம்மா ஸ்பிரிட் விளக்கை மூடிபோட்டு அணைத்தார். தன் விரலை மோந்து பார்த்தார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

“ஆக, நான் இத்தனை நேரம் மாட்டு மூத்திரத்தைக் காய்ச்சிண்டு இருந்தேனா?”

“மாட்டுதுன்னா எளப்பமாங்க? அதத் தெளிச்சாத்தான் வூடே சுத்தமாவுது” என்றார் மாமியார். அழுகை நின்று வீறாப்பு வந்துவிட்டது. “இவளோடதக் கொண்டாந்தா எவளாவது எதையாவது செஞ்சிடுவா. பசுவு மேல எவ செய்வினையும் ஏறாது. அதுக்கோசரம் இவளோடத முருங்க மரத்துல ஊத்திட்டு அதப் புடிச்சேன். இவளும் மாசமா இருக்கா, செவலையும் சினையா இருக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே மாசம். கணக்கு சரியாத்தான இருக்குது?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேசைமேல் குனிந்துவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அழுகையில்லை.

“உங்க பசு சௌக்கியம் பெரியம்மா. புல்லு திங்கறதுகளுக்கு அப்படித்தான் நுரைக்கும் போலிருக்கு, இன்னிக்கு நானும் கத்துண்டேன். நுரை அடங்கினதும் வெளுப்பெல்லாம் தெளிஞ்சுபோச்சு, பாத்தேளா? அது வெறும் உப்பு. ஆனா இவளுக்கு என்னன்னு எனக்கு இன்னும் தெரியலையே. இந்தக் காலோட இவளை அனுப்பிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா?”

மாமியார் என் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“எங் கண்ணு முன்னாலயே காய்ச்சணும். காய்ச்சி முடிச்சதும் எங் கண்ணு முன்னாலயே சாக்கடையில ஊத்திக் கழுவணும். ஊத்தறப்போ மூணு தரம் துப்பணும்.”

“துப்பறேன்” என்றார் டாக்டரம்மா.

மறுபடியும் அந்தப் பீங்கான் கோப்பை. இந்தத் தடவை மாமியாரும் கூடவே வந்தார். விறகு பிளக்கிறவனிடம் போய், “தம்பி, போயி ஒரு டீத்தண்ணி குடிச்சிட்டு வா, ஒன் கோடாலிய நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவைத்தார். மண்சுவருக்கு வெளியே புடவையை விரித்துப் பிடித்து நின்றுகொண்டு, ஒரு செம்புத் தண்ணீரைச் சொளசொளவென்று மெதுவாகத் தரையில் ஊற்றினார்.

“கன்னுக்குட்டிக்கு இப்பிடித்தான் செய்வேன். சத்தத்தக் கேட்டா தானா வரும்.”

வந்தது.

டாக்டரம்மா குழலைச் சூடு காட்டினார். குமிழ் கட்டியது. மேல்பாதியில் புகை மாதிரி ஒன்று எழுந்தது. செவலைக்கு வந்த அளவுகூட இல்லை. ஒரு மெல்லிய மேகம். நான் புளிப்பு மருந்தையே பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. சீறவில்லை, பொங்கவில்லை. மேகம் கலையவும் இல்லை. இன்னொரு சொட்டு. சின்னச் சின்னத் துணுக்காகத் திரண்டு அப்படியே நின்றது. சீம்பாலைக் காய்ச்சினால் அடுப்பிலேயே திரண்டு நிற்குமே, அதன் குட்டி.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. டாக்டரம்மா குழலைச் சாக்கடையில் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியோடு குனிந்து, சொன்ன சொல் மாறாமல் தூ, தூ, தூ என்று துப்பிவிட்டு வந்தார்.

“கொஞ்சமாத்தான் இருக்கு. ஆனா இருக்கு. படுக்கணும் குழந்தே.”

நான் படுத்தேன். மாமியாரும் ஊருக்குப் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டு, “செவலைய எம் மவன் பாத்துக்குவான், ரெண்டு பேர்த்தையும் நானே பாக்க முடியுமா?” என்றார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி எனக்கு உப்பில்லாமல் களி கிண்டினார். உப்பில்லாத கீரை, உப்பில்லாத பருப்புத் தண்ணீர். எனக்குக் கொடுத்துவிட்டுத் தானும் அதையே சாப்பிட்டார். முதல் கவளத்தில் முகம் அஷ்டகோணலாகப் போனது.

“நீங்க உப்புப் போட்டுக்கங்க அத்தே. ஒங்களுக்கு என்ன?”

“ரெண்டு சட்டி எவ கழுவறது?”

அடுத்த கட்டில் பெண்ணுக்கு அவள் அம்மா கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும்போதெல்லாம் மாமியார் வாசனையை முகர்ந்துகொண்டே களியை விழுங்குவார். ஒரு நாள் கை கழுவும் சாக்கில் அந்தப் பக்கம் போய்க் குழம்புச் சட்டியின் மூடியை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பிப் படுத்தேன்.

டாக்டரம்மா அவ்வப்போது குழலைச் சூடு காட்டிப் பார்ப்பார். மாமியார் பக்கத்தில் நின்று பார்ப்பார். சாக்கடையில் ஊற்றும்போது எல்லாருமாகத் துப்புவோம். மேகம் மெலிந்துகொண்டே வந்தது. மெட்டி மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நாள் விரலில் அது தானாகச் சுழன்றது.

இதற்குள் ஏரியூருக்குச் செய்தி போய், அம்மா பொறுக்க மாட்டாமல் அண்ணனை வண்டியோடு அனுப்பிவிட்டாள். அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரியாமலே அவன் வைக்கோலைப் பரப்பிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரரோடு நின்றுகொண்டிருந்தான். மாமனும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மாடுகளையே பார்த்தார்கள்.

உள்ளே குழல் நெருப்பில் இருந்தது. குமிழ் கட்டியது. மேல்பாதியில் மறுபடியும் வெள்ளையாக ஒரு கீற்று எழுந்தது.

மாமியார் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கியது. டாக்டரம்மா குச்சியை எடுத்தார்.

சொட்டு விழுந்தது. வெள்ளைக் கீற்று இருந்த இடத்திலேயே சுருங்கி, இளைத்து, எங்கே போயிற்று என்று தெரியாமல் போயிற்று. டாக்டரம்மா குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அதன் வழியே ஜன்னல் கம்பி, வேப்பமரம், வண்டி, இரண்டு ஆண்பிள்ளைகளின் முதுகு எல்லாம் இடம் வலம் மாறித் துல்லியமாகத் தெரிந்தன.

“உப்புதான்” என்றார் டாக்டரம்மா. “சத்து இல்லை. போகலாம். ஆனா அங்கேயும் உப்பு கம்மி, படுக்கை ஜாஸ்தி. கால் வீங்கினா அன்னிக்கே வண்டி கட்டணும், தெரிஞ்சுதா?”

குழலை மாமியாரே வாங்கிக் கொண்டுபோய் ஊற்றிக் கழுவிவிட்டு வந்தார். என் துணிகளை மூட்டையாகக் கட்டினார். வண்டியில் நான் ஏறும்போது முதுகுக்குக் கை கொடுத்தார்.

“ஒங்காத்தா உப்ப அள்ளிப் போடுவா. எனக்குத் தெரியும். நீ வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லணும். சும்மா தரையப் பாத்துக்கிட்டு நிக்காத.”

அண்ணன் வண்டியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தான். அவனுக்கு இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

“மாட்ட எந்தப் பக்கமுங்க திருப்பறது?” என்று பொதுவாகக் கேட்டான் அண்ணன்.

அத்தனை பேர் நிற்கிற இடத்தில் நான் அதுவரை வாயைத் திறந்ததில்லை.

“ஏரியூருப் பக்கம்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாடுகள் அண்ணன் சாட்டையை எடுக்கும் முன்பே நகர்ந்துவிட்டன.